பன்னிரண்டு மணிக்கு முன்னால்

பேருந்துப் பணிமனையில் அவளை எல்லோரும் கீப்பரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். டைம்கீப்பர் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்குத் திரும்பியது, ஏன் பிந்தியது என்று வாசலோரக் கூண்டுக்குள் உட்கார்ந்து எழுத வேண்டும். இருபத்தாறு வருடம் எழுதினாள். "ரெண்டு நிமிஷம்தானே, கொஞ்சம் முன்னே பின்னே போட்டுக்கங்க" என்று கேட்ட ஓட்டுநர்கள் எல்லாம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அவள் வாயில் "அப்புறம்", "கொஞ்ச நேரத்துல" என்ற வார்த்தைகளே வராது. யார் எதைச் சொன்னாலும் அதை மணியாக்கிவிடுவாள். "சாயங்காலமா வர்றேன்" என்று யாராவது சொன்னால், "அஞ்சரையா, ஆறா?" என்பாள். வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் பால் வாங்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, துணி எடுப்பது எல்லாமே மணிக்கணக்கில்தான் இருந்தன. வெயில் சாய்ந்ததும் ஊற்ற வேண்டிய தண்ணீர் மழை நாளிலும் சரியாக ஐந்து நாற்பதுக்கு ஊற்றப்படும். இது ஒரு குற்றமா என்று கேட்டால், இல்லை. பல வீடுகள் இப்படி ஒருத்தர் இருப்பதால்தான் ஓடுகின்றன. ஆனால் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பணிமனை வாசலுக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டினால் அவள் கணவரின் சாவிக்கடை. கடை என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. ஒரு தகரப் பெட்டி, உள்ளே ஒரு முக்காலி, சாவி வெட்டும் சின்ன மெஷின், ஆணிகளில் வரிசையாகத் தொங்கும் வெட்டாத சாவிகள். மனுஷர் கெட்டிக்காரர். ஒரு சாவியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பேச்சு அதிகம், சிரிப்பு அதிகம், சாப்பாடு அதைவிட அதிகம். பெண்டாட்டிக்கு அவர் வைத்த பெயர் கடிகாரம். தினமும் ஒரு மணி தாண்டியதும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஃபோன் செய்வார்.

"என்ன கடிகாரம், சாப்பிட்டியா?"

"ஒண்ணு பத்துக்குச் சாப்பிட்டேன்."

"மணியவா கேட்டேன்? சாப்பிட்டியான்னுதானே கேட்டேன்."

சாலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்துகொண்டு இரண்டு பேரும் சிரிப்பார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு. அந்த ஃபோன் மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை.

அவருடைய அண்ணன் ஒருவர் இருந்தார். நில அளவையாளர். எந்தத் தெருவில் எந்த வீடு எத்தனை அடி என்று வாயாலேயே சொல்லக்கூடியவர். அறுபது வயதில் தன் வீடு எந்தத் தெருவில் என்பது அவருக்கு மறந்துபோனது. தனிக்கட்டை என்பதால் இவர்கள்தான் கொண்டுவந்து வைத்துப் பார்த்துக்கொண்டார்கள், நாலு வருடம். கடைசி வருடத்தில் அவர் தம்பியைப் பார்த்து, "தம்பி, நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்று அன்பாக விசாரிப்பார். சாவிக்காரர் ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவார்.

அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கு அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க அப்பாவும் கடைசில இப்படித்தான் ஆனாரு. அடுத்தது நான்தான்."

"சும்மா இருங்க. வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"சாகறதப் பத்தி எனக்குக் கவலை இல்ல. ஒருநாள் உன்னப் பார்த்து நீங்க யாருன்னு கேட்டுட்டேன்னா? அத மட்டும் என்னால தாங்க முடியாது."

"விடமாட்டேன்," என்றாள் அவள். "அப்படி ஆக விடமாட்டேன்." அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் அந்த ஒரு சொல்லுக்காகத்தான். அவளைக் குறை சொல்லக் கிளம்புகிறவர்கள் முதலில் இதைக் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

பணிமனையில் ஓர் ஓட்டுநருக்கு ஃபார்வர்டு என்று பட்டப்பெயர். ஃபோனில் எது வந்தாலும் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் அனுப்பிய வீடியோ ஒன்றில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் விளக்கினார். பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப் போட வேண்டும், மீதி எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். சேர்த்து வைத்த சர்க்கரை தீர்ந்ததும் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். மூளைக்கும் அந்தப் புது எரிபொருள் போகும். மூளையில் தேங்கிய குப்பை வெளியேறும், ஞாபகம் கூர்மையாகும். வயதானால் வரும் மறதி அண்டவே அண்டாது என்று அவர் மேசையைத் தட்டிச் சொன்னார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவள் இல்லை. முதலில் தன் மேலேயே சோதித்துப் பார்த்தாள். நண்பகல் பன்னிரண்டுக்கு முதல் சாப்பாடு, இரவு எட்டுக்கு முன் கடைசிச் சாப்பாடு, நடுவில் தண்ணீரும் பாலில்லாத தேநீரும் மட்டும். நாலே மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. பணிமனை மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "என்னம்மா பண்ணினீங்க?" என்று ஆச்சரியப்பட்டார். மதியம் கண்ணைச் சொக்கிக்கொண்டு வரும் தூக்கம் போனது. தலை துடைத்துவிட்டது போல இருந்தது. இதெல்லாம் நிஜம்தான், அதில் ஒரு பொய்யும் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லும்படி ஆகியிருக்காது.

அந்தச் சமயத்தில்தான் சாவிக்காரர் ஒருநாள் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் பெயரை மறந்துவிட்டு வந்தார். அறுபத்தோரு வயதில் யாருக்கும் வருகிற மறதி. ஆனால் அவளுக்கு அது சாதாரணமாகப் படவில்லை. அவரும் காலைச் சாப்பாட்டை விட வேண்டும் என்று மறுநாளே ஒற்றைக் காலில் நின்றாள்.

"காலையில நாலு துண்டு ரொட்டியும் ரெண்டு முட்டையும் போகலன்னா எனக்குக் கண்ணே தெறக்காது," என்றார் அவர்.

"அண்ணன ஞாபகம் இருக்குல்ல?"

அவர் தட்டை எடுத்து அலமாரியில் வைத்தார்.

அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது, எட்டு வருடமாக. தினமும் காலையில் ஒரு வெள்ளை மாத்திரை. எழுதிக்கொடுத்த மருத்துவர் அன்றைக்கு விரலை நீட்டி இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஒருநாளும் விடக்கூடாது, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். அவர்கள் காலையில் எட்டரைக்குச் சாப்பிடுகிறவர்கள். அதனால் அவள் வீட்டுக்கு வந்து சுவர்த் தாளில், "மாத்திரை 8.00" என்று எழுதினாள். எட்டு வருடத்தில் மருத்துவர் சொன்னது மறந்தேபோனது. தாளில் இருந்தது மட்டும் மறக்கவில்லை.

இப்போது எட்டரைச் சாப்பாடு பன்னிரண்டுக்குப் போனது. எட்டு மணி மாத்திரை எட்டு மணியிலேயே இருந்தது. காலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அவள் தன் கையாலேயே மாத்திரையை எடுத்து, தண்ணீர் டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். அவர் தவறாமல் போட்டுக்கொள்வார். சொன்ன பேச்சைக் கேட்கிற மனுஷர், பாவம்.

முதல் வாரம் அவர், "பத்து மணியானா உடம்பெல்லாம் ஒதறுது," என்றார்.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்குமாம். பழகணும்."

"வேர்த்துக் கொட்டுது."

"கெட்டதெல்லாம் வெளிய போகுது. வீடியோல சொன்னாங்களே."

மாதக் கடைசியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து சீட்டு வந்தது. வெறும் வயிற்றில் எழுபத்து நாலு. எட்டு வருடத்தில் பார்க்காத எண். அவள் அந்தச் சீட்டைக் கூண்டுக் கண்ணாடியிலேயே ஒட்டி வைத்தாள். மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நல்ல எண்ணை எடுத்துக்கொண்டு யார் மருத்துவரிடம் ஓடுகிறார்கள்?

பிறகு சாவிகள் திரும்பி வரத் தொடங்கின. "அண்ணே, பூட்டுல நுழையவே மாட்டேங்குது," என்று ஒருத்தர். "உள்ள போகுது, திரும்பல," என்று ஒருத்தர். முப்பது வருடத்தில் அவர் வெட்டிய சாவி திரும்பி வந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்போது வாரத்துக்கு நாலைந்து. ஒரு பெண் கொடுத்த வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "எங்கம்மா உங்க சாவி?" என்று கேட்டாராம். இன்னொரு நாள் ஒரு வாடிக்கையாளரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாராம். அதிர்ந்து பேசாத மனுஷர்.

கீப்பரம்மாவோ, மறதி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தாள். அண்ணனுக்கும் இப்படித்தான் சின்னச் சின்னதாகத் தொடங்கியது. மூளை மருத்துவரிடம் போகும்போது விவரமாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு நோட்டு போட்டாள். கூண்டுக் கண்ணாடி வழியாகத் தான் பார்த்ததையும், எதிர்ப்பக்கத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் மணியோடு எழுதினாள். 10.35, சாவியை வைத்த இடம் தெரியவில்லை. 11.10, பேச்சு குழறல். 10.50, தவறான சாவி. 11.25, வாடிக்கையாளரிடம் கோபம். மூளை மருத்துவரைப் பார்க்க இரண்டு மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவளால் முடியுமா? பட்டினி நேரத்தைக் கூட்டினாள். பன்னிரண்டு மணிச் சாப்பாடு இரண்டு மணிக்குப் போனது. "சாப்பிட்டியா" என்ற ஃபோனும் அதோடு சேர்ந்து இரண்டு மணிக்குப் போனது.

சாவிக்கடைக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் பழம் விற்கிற ஒருத்தி இருந்தாள். அவள் எந்த வீடியோவும் பார்த்ததில்லை. ஒருநாள் பதினோரு மணிக்குச் சாவிக்காரர் கை நடுங்கி மெஷினையே பிடிக்க முடியாமல் இருப்பதைப் பார்த்து, ஒரு வாழைப்பழத்தை உரித்து வாயில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் பழையபடி ஆகிவிட்டார். சிரித்தார், கிண்டல் செய்தார், நாலு சாவி சரியாக வெட்டினார். அடுத்த நாளும் பழம் கொடுத்தாள், அதற்கடுத்த நாளும்.

விஷயம் கீப்பரம்மாவுக்குத் தெரிந்ததும் சாலையைக் கடந்து வந்துவிட்டாள்.

"சக்கரை வியாதிக்காரருக்கு வாழைப்பழமா? யாரைக் கேட்டுக் குடுத்த?"

"அவரு முழிச்ச முழி சரியில்லக்கா. பழம் சாப்பிட்டதும் தெளிஞ்சிட்டாரு. அதான்..."

"நான் ராத்திரி பகலா அவரக் காப்பாத்தப் பாடுபடறேன். நீ நடுவுல வந்து கெடுக்கிற. இனிமே அவரு பக்கத்துல வந்தன்னா நல்லா இருக்காது."

சாவிக்காரர் முக்காலியில் உட்கார்ந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவ நல்லதுக்குத்தான் சொல்றா, விடு," என்று பழக்காரியிடம் மெதுவாகச் சொன்னார். அந்த இடத்தில் கெட்டவர் என்று ஒருத்தரும் இல்லை. நினைக்க நினைக்க எனக்கு ஆற்றாமையாக இருப்பது அதுதான்.

பத்து நாள் போயிருக்கும். அன்று காலை பணிமனையில் மூன்று வண்டிகள் பிந்தின. ஒரே கூச்சல். நடுவில் ஒருமுறை அவள் நிமிர்ந்து எதிரே பார்த்தாள். சாவிக்காரர் தகரச் சுவரில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தாள். நோட்டை எடுத்து, "11.40, உட்கார்ந்தபடியே தூக்கம்" என்று எழுதிவிட்டு அடுத்த வண்டிக்குத் திரும்பினாள்.

பழக்காரியும் பார்த்தாள். இரண்டு முறை எழுந்தாள், இரண்டு முறையும் திரும்ப உட்கார்ந்தாள். வாங்கின திட்டு காதிலேயே இருந்தது. கடைசியில் மனசு கேட்காமல் போய்த் தோளைத் தொட்டபோது மணி ஒன்று பத்து. உடம்பு சில்லிட்டிருந்தது, சட்டை நனைந்து ஒட்டிப் போயிருந்தது. முன்பெல்லாம் அந்த நேரத்தில்தான் ஃபோன் வரும். ஃபோன் இரண்டு மணிக்கு மாறிவிட்டதால் வரவில்லையே என்று கீப்பரம்மாவுக்கும் தோன்றவில்லை.

மருத்துவமனையில் ரத்தத்தில் சர்க்கரை எழுபதுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு என்றார்கள். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். எண் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏற்றினார்கள். மூன்று நாள் அவர் கண் விழிக்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் இளம் பெண் மருத்துவர் ஒருவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவள் நோட்டை நீட்டினாள். "மூணு மாசமாவே மறதி டாக்டர். எல்லாத்தையும் மணியோட எழுதி வச்சிருக்கேன்."

மருத்துவர் இரண்டு பக்கம் புரட்டினார். மூன்றாவது பக்கத்தில் நிறுத்தினார்.

"எல்லாமே காலையிலதான் இருக்கு. பன்னெண்டுக்கு மேல ஒண்ணுகூட இல்லையே. சாப்பிட்டப்புறம் எப்படி இருப்பாரு?"

"சாப்பிட்டா... நல்லா இருப்பாரு."

"எப்ப சாப்பிடுவாரு?"

அவள் சொன்னாள். பதினாறு மணி நேரத்தைச் சொன்னாள், அதைப் பதினெட்டாக்கியதைச் சொன்னாள், எட்டு மணி மாத்திரையைச் சொன்னாள். சொல்லிக்கொண்டு வரும்போதே அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"பட்டினி கெடுதல்னு நான் சொல்ல வரலம்மா," என்றார் மருத்துவர். "உங்களுக்கு நல்லாதான் வேலை செஞ்சிருக்கு. மூளை பத்தி சொல்றதுல பாதி இன்னும் எலிங்களை வச்சுப் பார்த்ததுதான், மறதி வராதுன்னு யாரும் நிரூபிக்கல. அது இருக்கட்டும். ஆனா இந்த மாத்திரை வேற மாதிரி. நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடலன்னாலும் அது இன்சுலினைச் சுரக்க வச்சுக்கிட்டே இருக்கும். இருக்கற சர்க்கரையும் போயிடும், கொழுப்பு எரிஞ்சு மூளைக்குப் போறதையும் அந்த இன்சுலின் தடுத்துடும். மூளைக்குத் தனியா சேர்த்து வச்சுக்கத் தெரியாதும்மா. அது தினமும் காலையில பட்டினியில தவிச்சிருக்கு. நீங்க பார்த்தது மறதி நோய் இல்ல."

"மாத்திரைய விடக்கூடாதுன்னு..."

"விட வேணாம். வந்து கேட்டிருந்தா அளவையும் நேரத்தையும் மாத்திக் குடுத்திருப்போம். சீட்டுல என்ன எழுதியிருக்கு, பாருங்க."

எட்டு வருடப் பழைய சீட்டு, மடிப்பில் கிழிந்திருந்தது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் என்று அதில் இருந்தது. மணி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

பணிமனைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் ஒன்று உண்டு. ஒரு வண்டியின் நேரத்தை மாற்றினால், அதை நம்பி நிற்கும் இணைப்பு வண்டியின் நேரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட அவள் அதில் தவறியதில்லை. மருத்துவரின் மேசை முன்னால் அந்தப் பாடம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அழுகை வரவில்லை. நோட்டின் கடைசி வரியில் விரலை வைத்து, "பதினொண்ணு நாப்பதுக்கு நான் பார்த்தேன் டாக்டர்," என்றாள். "நான் பார்த்தேன். எழுதிட்டு அடுத்த வண்டியப் பார்க்கப் போயிட்டேன்." மருத்துவர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெளியே வராந்தாவில் பழக்காரி ஒரு பையோடு நின்றிருந்தாள். கீப்பரம்மா அவள் எதிரில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். அதற்குள் பழக்காரி பையைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானாவது முன்னாடியே போய் எழுப்பியிருக்கணும்க்கா," என்று அவள்தான் அழுதாள்.

சாவிக்காரர் பிழைத்தார். நடக்கிறார், தன் கையாலேயே சாப்பிடுகிறார். ஒரு சாவியைக் கொடுத்தால் உள்ளங்கையில் உருட்டி இன்றைக்கும் தேய்ந்த பல்லைச் சரியாகத் தொட்டுக் காட்டுகிறார். சின்ன வயதில் அண்ணனோடு அளவைச் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்ததைச் சொல்லிச் சிரிக்கிறார். பின்னால் வந்த முப்பது வருடம்தான் ஞாபகத்துக்கு வரவில்லை. சிலது திரும்பலாம், நாள் ஆகும், உறுதியாகச் சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நாள் என்றால் எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை.

அவள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். கூண்டில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். சுவரில் இருந்த தாளை அவள் கிழித்துப் போடவில்லை. மாத்திரை வரியை மட்டும் அடித்துவிட்டு, "சாப்பாட்டோடு" என்று பெரிதாக எழுதியிருக்கிறாள். மாத்திரையும் இப்போது வேறு. பட்டினியை அவள் அன்றோடு விட்டுவிட்டாள். தனக்கு அது நல்லதுதான் என்று தெரியும், ஆனாலும் முடியவில்லை.

போன வாரம் ஒரு மதியம் அவர் முன்னால் தட்டை வைத்து, சோறும் காயும் முட்டையும் போட்டாள். அவர் உடனே கை வைக்கவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒரு பெண் சிரமப்பட்டு நமக்குச் செய்கிறாளே என்ற கூச்சம் அவர் முகத்தில் இருந்தது.

"நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

அவள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அந்தக் கேள்வியை அவர் வாயால் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது.

"இன்னும் இல்லங்க."

"அப்ப நீங்களும் உட்காருங்க. எனக்கே எவ்வளவு நேரம் செஞ்சுக்கிட்டு இருப்பீங்க? உங்க வீட்டுல உங்களத் தேட மாட்டாங்களா?"

அவள் இன்னொரு தட்டை எடுத்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"தேட மாட்டாங்க," என்றாள். "நீங்க சாப்பிடுங்க."